துணிக்கடைப் பையன் முதல் டைம் மெஷின் வரை... யார் இந்த எச்.ஜி.வெல்ஸ்?

1893, லண்டன். நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்து, தான் உருவாக்கிய டைம் மெஷினைக் காட்டுகிறார் ஓர் எழுத்தாளர். அந்த நேரம் பார்த்து போலீஸ் கதவைத் தட்டுகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைக் கொன்றவன் இந்த வீட்டு விருந்தாளிகளில் ஒருவன். தேடினால் ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் மட்டும் காலியாகத் திரும்பி வருகிறது. கொலைகாரன் போய் இறங்கிய வருஷம் 1979. அவனைப் பிடிக்க எழுத்தாளரே மெஷினில் ஏறுகிறார்.

இது நிக்கோலஸ் மேயர் இயக்கி 1979-ல் வெளியான 'டைம் ஆஃப்டர் டைம்' படத்தின் தொடக்கம். தப்பித்த கொலைகாரன், லண்டனை நிஜமாகவே நடுங்க வைத்த 'ஜாக் தி ரிப்பர்'. துரத்திப் போகும் எழுத்தாளர், 'டைம் மெஷின்' நாவலை எழுதிய எச்.ஜி.வெல்ஸ். மால்கம் மெக்டவல் வெல்ஸாக நடித்திருப்பார்.

டைம் டிராவலையும் க்ரைம் விசாரணையையும் கோத்த படங்கள் இப்போ நிறைய வந்துவிட்டன. ஆனா இந்தப் படத்தின் ஸ்பெஷல், துப்பறியும் ஹீரோ நிஜத்தில் வாழ்ந்தவர் என்பதுதான். எதிர்காலத்தில் குற்றமும் போரும் இருக்காது என்று நம்பிப் போகிறார் படத்து வெல்ஸ். ஹோட்டல் அறையில் டிவி சேனலை மாற்றி மாற்றி வன்முறைக் காட்சிகளைக் காட்டும் ரிப்பர், இந்தக் காலம்தான் தனக்குச் சரிப்படும் என்கிறான்.

துரத்தல் எல்லாம் கற்பனை. ஆனா எதிர்காலம் நல்லா இருக்குமா, இல்லையா என்ற அந்தக் கேள்வி கற்பனை இல்லை. நிஜ வெல்ஸ் வாழ்க்கை முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினார்.

கிரிக்கெட் வீரரின் கடைசிப் பையன்

ஹெர்பெர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ப்ரோம்லி ஊரில் பிறந்தார். அம்மா சாரா, பெரிய பங்களாவில் பணிப்பெண்ணாக இருந்தவர். அப்பா ஜோசப், தோட்ட வேலை பார்த்துவிட்டு, பீங்கான் பாத்திரமும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும் சின்னக் கடை போட்டவர். கடையில் வியாபாரம் கிடையாது. ஆனா அப்பா ஒரு நல்ல பௌலர். 1862-ல் கென்ட் அணிக்காக ஆடி, சசெக்ஸுக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான்.

ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் உடைந்தது. படுத்தே கிடந்த அந்த வாரங்களில் அப்பா நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசிப்புப் பழக்கம் அங்கேதான் தொற்றியது.

1877-ல் அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிய, கிரிக்கெட் வருமானம் நின்றுபோனது. குடும்பம் ஆட்டம் கண்டது. 1880-ல் அம்மா, தான் முன்பு வேலை பார்த்த அப்பார்க் மாளிகைக்கே நிர்வாகப் பொறுப்பாளராகத் திரும்பினார். வேலைக்காரர்களின் உலகம் அங்கே தரைக்குக் கீழே. சமையல்கட்டிலிருந்து சாப்பாடு போவதே சுரங்கப்பாதை வழியாகத்தான். முதலாளிகளின் உலகம் மேலே, வெளிச்சத்தில். இந்த மேல், கீழ் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

13 மணி நேர ஷிஃப்ட்

பையன் ஒரு துணிக்கடையில் தொழில் கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்வான் என்பது அம்மாவின் கனவு. முதல் கடையில் கணக்கு சரியாகப் பார்க்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு மருந்துக் கடை. அதுவும் நிலைக்கவில்லை. 1881-ல் சவுத்ஸீ ஊரில் மறுபடியும் துணிக்கடை. ஒரு நாளைக்கு சுமார் 13 மணி நேர வேலை, மற்ற பையன்களோடு பொதுக்கூடத்தில் படுக்கை. கடைக்குள் ஒளித்து வைத்துப் புத்தகம் படித்ததற்குத் திட்டு தனி.

இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிடாமல்கூட கிளம்பி, சுமார் 17 மைல் நடந்து அப்பார்க் போய், இனி அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். தொழில் பழகுவதற்காக அம்மா ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார். ஏழைக் குடும்பத்தில் இப்படி வேலையை உதறுவது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைகொடுத்தவர் மிட்ஹர்ஸ்ட் பள்ளித் தலைமை ஆசிரியர் ஹொரஸ் பயாட். மருந்துக் கடை நாட்களில் லத்தீன் கற்க வந்த பையனின் வேகத்தை அவர் மறக்கவில்லை. 1883-ல் அவனை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். அப்போது அறிவியல் தேர்வுகளில் மாணவர் தேறினால் பள்ளிக்கு அரசு மானியம் கிடைக்கும். வெல்ஸ் ஒவ்வொரு தேர்வாக எழுதித் தள்ளினார். பள்ளிக்குப் பணம் வந்தது. அவருக்கு லண்டன் போக ஸ்காலர்ஷிப் வந்தது.

வாரம் ஒரு கினி, வகுப்பில் ஹக்ஸ்லி

1884-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை வாரம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பல நாள் மதியச் சாப்பாடு கட். ஆனா முதல் வருஷம் உயிரியல் நடத்தியவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடையேறிச் சண்டை போட்டவர்.

ஹக்ஸ்லியிடம் அவர் கற்றது இரண்டு. ஒன்று, மனிதன் எப்போதும் இப்படியே இருக்கப்போவதில்லை. இரண்டு, பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்று அர்த்தம் கிடையாது. சூழல் மாறினால் உயிரினம் சரிந்து, சுருங்கியும் போகலாம். வெல்ஸின் கதைகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த இரண்டாவது பாடம்தான்.

அடுத்தடுத்த வருஷங்களில் பாடத்தைவிட விவாதக் கூட்டங்களிலும் மாணவர் பத்திரிகையிலும்தான் ஆர்வம். விளைவு, 1887-ல் புவியியல் தேர்வில் ஃபெயில். பட்டம் இல்லாமல் வேல்ஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். அங்கே கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடியில் சிறுநீரகம் நசுங்கியது. பின்னால் ரத்தம் கக்க ஆரம்பித்தார். 21 வயதில், அதிக நாள் இருக்க மாட்டோம் என்ற பயம் கூடவே தங்கியது.

1888: ஒரு கதையும் ஐந்து கொலைகளும்

அந்தப் படத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே ஒரு ஆச்சரியமான ஒற்றுமை உண்டு. 1888-ல் தன் கல்லூரிப் பத்திரிகையில் 'தி க்ரானிக் ஆர்கனாட்ஸ்' என்ற கதையை மூன்று பகுதிகளாக எழுதினார் வெல்ஸ். ஒரு விஞ்ஞானி காலத்தில் பயணிக்கும் கருவியைச் செய்கிறார் என்பதுதான் கதை. 'டைம் மெஷின்' நாவலின் முதல் விதை.

அதே 1888-ன் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான் கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஜாக் தி ரிப்பர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த வருஷம் வெல்ஸ் வேலை தேடி லண்டனுக்குத் திரும்பியிருந்தார். கொலைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே ஊர், ஒரே வருஷம், அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் சினிமா தன் கதையை நுழைத்துக்கொண்டது.

மொட்டை மாடி லேப் கிடையாது, வாடகை ரூம்தான்

1890-ல் ஒருவழியாக விலங்கியலில் பட்டம் வாங்கி, தபால்வழிக் கல்லூரி ஒன்றில் டியூட்டர் ஆனார். 1891-ல் உறவுக்காரப் பெண் இசபெல்லைக் கல்யாணம் செய்தார். 1893 மே மாதம், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் மறுபடியும் ரத்தம் கக்கினார். படத்தில் டைம் மெஷின் தயாராகும் அதே 1893-ல், நிஜ வெல்ஸ் படுக்கையில் கிடந்தார். இனி வகுப்பெடுக்க முடியாது. எழுதினால்தான் சோறு.

இதற்கிடையே மாணவி ஏமி கேத்தரின் ராபின்ஸ் மீது காதல். 1894-ல் மனைவியைப் பிரிந்து, கேத்தரினோடு செவன்ஓக்ஸ் ஊரில் வாடகைக்குக் குடியேறினார். அந்தக் கோடையில்தான், பழைய கதையைத் திரும்ப எடுத்து எழுதினார். ராத்திரி நேரத்தில் விளக்கு எரிய எரிய எழுதியதால், எண்ணெய் வீணாகிறது என்று வீட்டுக்கார அம்மாவின் புலம்பல் வேறு.

1895 ஜனவரி முதல் மே வரை 'நியூ ரிவ்யூ' இதழில் தொடராக வந்தது 'டைம் மெஷின்'. சம்பளம் 100 பவுண்டு. அதே வருஷம் புத்தகமும் ஆனது. கேத்தரினோடு கல்யாணமும் ஆனது. ஊர் பேர் தெரியாத டியூட்டர், சில மாதங்களில் லண்டன் பேசும் எழுத்தாளர் ஆகிவிட்டார்.

அப்படி என்ன புதுசு?

காலப் பயணக் கதைகள் அதற்கு முன்பும் உண்டு. ஆனா ஹீரோ தூங்கி எழுவான், கனவு காண்பான், இல்லாவிட்டால் மண்டையில் அடிபட்டுப் பழைய காலத்தில் விழிப்பான். 1887-ல் ஸ்பெயினின் என்ரிகே கஸ்பார் எழுதிய நாவலில் காலத்தில் பறக்கும் ஓர் இயந்திரமும் வந்துவிட்டது. வெல்ஸ் செய்தது மூன்று விஷயம்.

முதலாவது, டைம் மெஷின் என்ற பெயர். இன்று உலகமே பயன்படுத்துவது அவர் வைத்த பெயரைத்தான்.

இரண்டாவது, லாஜிக். நீளம், அகலம், உயரம் மாதிரி காலமும் ஒரு பரிமாணம். அதிலும் நகரலாம் என்று கதையின் முதல் சில பக்கங்களிலேயே வாதாடுகிறார். நான்காம் பரிமாணம் பற்றிய பேச்சு அப்போதே லண்டனில் இருந்தது. ஆனா ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரை வந்தது 1905-ல். வெளியையும் காலத்தையும் மின்கோவ்ஸ்கி கணிதமாக இணைத்தது 1908-ல். நாவல் அதற்கெல்லாம் முன்னாடி.

மூன்றாவது, ஓட்டுகிறவன் கையில் லீவர். எந்த வருஷம் போவது என்று அவனே முடிவு செய்யலாம். இந்த லீவர் இல்லாவிட்டால் கொலைகாரனைக் காலம் தாண்டித் துரத்தும் த்ரில்லர் எதுவும் சாத்தியமே இல்லை.

நாவலின் பயணி போய் இறங்குவது 8,02,701-ஆம் வருஷத்தில். மேலே வெயிலில் வேலையே இல்லாத அழகான எலோய்கள். கீழே இருட்டில் இயந்திரங்களோடு மோர்லாக்குகள். முதலாளி, தொழிலாளி வித்தியாசம் முற்றி மனித இனமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் பிடித்துத் தின்கிறார்கள். அப்பார்க் மாளிகையின் சமையல்கட்டுச் சுரங்கம் இப்போ ஞாபகம் வருகிறதா?

சினிமாவும் டைம் மெஷினும் செட்

நாவல் வந்த அதே 1895 அக்டோபரில், ராபர்ட் பால் என்ற லண்டன் கருவி வல்லுநர் ஒரு பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். அசையும் மேடையில் பார்வையாளரை உட்கார வைத்து, எதிரே படங்களைக் காட்டி, காலத்தில் பயணிக்கும் உணர்வைத் தருவது அவர் திட்டம். வெல்ஸின் கதையிலிருந்து வந்த ஐடியா அது. திட்டம் நிறைவேறவில்லை. பாரிஸில் லூமியர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது அதே வருஷம் டிசம்பர் 28-ல்தான். அதாவது, சினிமா பிறக்கும்போதே டைம் டிராவல் கூடவே இருந்தது.

வெல்ஸ் அதன்பின் நிற்கவில்லை. 1896-ல் 'டாக்டர் மோரோவின் தீவு', 1897-ல் 'இன்விசிபிள் மேன்', 1898-ல் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. இதில் 'இன்விசிபிள் மேன்' பாதி க்ரைம் த்ரில்லர்: கண்ணுக்குத் தெரியாத குற்றவாளியை போலீஸும் ஊரும் எப்படிப் பிடிப்பது?

நம்ம ஊர்ப் பக்கமும் இந்த வரிசை நீண்டது. இளையராஜா இசையில் 1991-ல் வந்த தெலுங்குப் படம் 'ஆதித்யா 369', வெல்ஸின் நாவலைப் படித்த தாக்கத்தில் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது. அதில் டைம் மெஷினோடு ஒரு வைரத் திருட்டும் உண்டு. 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்திலும் டைம் மெஷினும் ஒரு ரவுடியும் மோதிக்கொள்வார்கள்.

நாவலில் வந்த குண்டு, நிஜத்தில் விழுந்தது

வெல்ஸின் டெக்னிக் ரொம்ப சிம்பிள். புது அறிவியல் புத்தகத்தைப் படிப்பார். இது இப்படியே போனால் என்ன ஆகும் என்று நீட்டிப் பார்ப்பார். ஃபிரெடெரிக் சாடி என்ற வேதியியலாளர் ரேடியம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 1914-ல் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' எழுதினார். அதில் விமானத்திலிருந்து அணுகுண்டு வீசுகிறார்கள். நாவலில் அணுசக்தியின் பூட்டு திறக்கும் வருஷம் 1933.

1932-ல் அந்த நாவலைப் படித்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் லியோ ஸிலார்ட். அடுத்த வருஷம், அதே 1933-ல், லண்டன் தெருவைக் கடக்கும்போது அவருக்கு அணுக்கரு தொடர்வினை யோசனை வந்தது. இதன் விளைவு என்ன என்பதை நாவல் ஏற்கெனவே காட்டியிருந்ததால், பேட்டன்ட் விவரம் வெளியே கசியாமல் இருக்க அதை பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்தார். ஆனாலும் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா நடந்தது. அந்தச் செய்தியைக் கேட்கும்போது வெல்ஸ் உயிரோடுதான் இருந்தார். வயது 78.

கணிப்பு சரி... மனிதர் எப்படி?

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல முடியாது. 1901-ல் வந்த 'ஆன்டிசிபேஷன்ஸ்' நூலில், வருங்கால உலகத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்று முழு இனங்களையே ஒதுக்கித் தள்ளும் பகுதிகள் இருக்கின்றன. யூஜெனிக்ஸ் சிந்தனை அன்றைய படித்தவர்கள் பலரிடம் இருந்தது என்பது அதற்குச் சாக்கு ஆகாது.

சொந்த வாழ்க்கையும் சிக்கல்தான். ஏமி கேத்தரினோடு கடைசி வரை இருந்தார், இரண்டு மகன்கள். ஆனா வெளி உறவுகளும் தொடர்ந்தன. ஏம்பர் ரீவ்ஸுக்கு 1909-ல் ஒரு மகள், எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட்டுக்கு 1914-ல் ஒரு மகன். அதன் பாரத்தை அதிகம் சுமந்தது அந்தப் பெண்கள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவரது 'அவுட்லைன் ஆஃப் ஹிஸ்டரி' (1920) நூலை ஜவாஹர்லால் நேரு, சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு வரலாற்றுக் கடிதங்கள் எழுதும்போது துணைக்கு வைத்துக்கொண்டார். வெல்ஸின் புத்தகங்களை 1933-ல் நாஜிகள் எரித்தார்கள். பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்ய வேண்டியவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. சர்க்கரை நோயாளியான அவர், 1934-ல் டாக்டர் ஆர்.டி.லாரன்ஸோடு சேர்ந்து நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய 'டயபடீஸ் யூகே' அதுதான்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள் என 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1940-ல் மனித உரிமைகள் பற்றிய அவரது சின்னப் புத்தகம் வந்தது. 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

கடைசி அத்தியாயம்

லண்டன் மீது குண்டு பொழிந்தபோதும் ரீஜென்ட்ஸ் பார்க் பக்கமிருந்த வீட்டை விட்டு அவர் போகவில்லை. ஆனா நம்பிக்கை போய்விட்டது. 1945-ல் வந்த 'மைண்ட் அட் தி எண்ட் ஆஃப் இட்ஸ் டெதர்' நூலில், மனித இனத்தின் கதை முடிகிறது என்கிற அளவுக்கு இருண்டுபோயிருந்தார். 1946 ஆகஸ்ட் 13 அன்று, அதே வீட்டில், 79 வயதில் இறந்தார். 21 வயதில் செத்துவிடுவோம் என்று பயந்த பையன், இரண்டு உலகப் போரையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

'டைம் ஆஃப்டர் டைம்' படத்துக்கு இப்போ திரும்பினால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரியும். 1979-ல் வெல்ஸ் காதலிக்கும் வங்கி ஊழியரின் பெயர் ஏமி ராபின்ஸ். நிஜ மனைவியின் பெயரேதான். மூன்று நாள் முன்னே போய்ப் பார்க்கும் அவர்கள், ஏமி கொல்லப்பட்ட செய்தியை நாளிதழில் படிக்கிறார்கள். அங்கிருந்து திரும்பி வந்து, நடக்கப்போவதைத் தடுக்க முடியுமா என்பதுதான் மிச்சப் படம்.

நிஜ வெல்ஸ் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான். அவருடைய பயணி கடந்த காலத்துக்குப் போய் எதையும் மாற்ற மாட்டான். எதிர்காலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, சாப்பாட்டு மேஜையில் இருப்பவர்களிடம் சொல்வான். நாவலில் அவர்களில் பெரும்பாலானோர் நம்புவதில்லை.

படிக்க ஆசை வந்துவிட்டதா? 'டைம் மெஷின்' சின்ன நாவல், ஒரு வார இறுதி போதும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷத்தில் காப்புரிமை முடிந்துவிடும் என்பதால், ஆங்கில மூலத்தை இலவசமாகவே மொபைலில் இறக்கிக்கொள்ளலாம். நாவலில் ஒரு டைம் மெஷின்தான் உண்டு, அதுவும் கடைசியில் திரும்பி வராது. பயணி எங்கே போனான் என்ற கேஸ் 1895-லிருந்து இன்னும் ஓப்பன்தான்.